கீமோ நடக்கும்போது வீடும் வேலையும்: ரங்கூனில் நாம் செய்யக்கூடியவை

கீமோ, அதாவது புற்றுநோய்க்கு ஏற்றும் மருந்து, என்றதும் வீட்டில் எல்லாரும் முதலில் செய்வது, ஆளைக் கட்டிலில் படுக்கவைத்து, வேலையை விடச் சொல்லி, அடுப்படிப் பக்கமே வராதே என்று தடுப்பதுதான். அன்பில் செய்கிறார்கள், ஆனால் மாதக்கணக்கில் அப்படிக் கிடந்தால் மனசு விட்டுப்போகும். என் அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோ நடந்தபோது கூட இருந்தவள் நான். அவர் தையல் மெஷினை விற்கவில்லை. எந்த நாளில் மிதிப்பது, எந்த நாளில் மூடிவைப்பது என்று தெரிந்துகொண்டார், அவ்வளவுதான்.

அதற்கு முதலில் வேண்டியது ஒரு காலண்டர். பல கீமோக்கள் மூன்று வாரத்துக்கு ஒரு முறை வரும், சிலருக்கு வாராவாரம், அதனால் உங்களுடையது எப்படி என்று டாக்டரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மூன்று வாரச் சுற்றில் முதல் சில நாள் குமட்டலும் அசதியும். அப்புறம் சுமார் 7ஆம் நாளிலிருந்து 14ஆம் நாள் வரை கிருமியை எதிர்க்கும் ரத்த வெள்ளையணு ரொம்பவும் இறங்கியிருக்கும். ஆள் பார்க்கத் தெளிவாக இருப்பார், எழுந்து நடமாடுவார், ஆனால் கிருமி எளிதில் தொற்றும் நேரம் அதுதான். மூன்றாவது வாரம் பெரும்பாலும் உங்கள் வாரம். கல்யாணம், அனோரத்தா தெருக் காளி கோயில், சந்தை, பெரிய தையல் ஆர்டர் எல்லாவற்றையும் அங்கே தள்ளுங்கள்.

காய்ச்சல் விஷயத்தில் மட்டும் யார் சொல்வதையும் கேட்காதீர்கள். உடம்பு சுட்டால் பாராசிட்டமால் போட்டுப் படுக்கக்கூடாது, அது காய்ச்சலை மறைத்துவிடும். முதலில் தெர்மாமீட்டர். 38 டிகிரி செல்சியஸ் காட்டினால் நடுராத்திரியானாலும் உடனே ஆஸ்பத்திரி, போனவுடன் "கீமோ நடக்கிறது" என்று சொல்லுங்கள். ராத்திரி வரக்கூடிய ஒரு வண்டிக்காரரிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள்.

சாப்பாடு. தெருவோர அத்தோ நூடுல்ஸ், ஊறிய தேயிலை லப்பே, பச்சைக் காய்கறிக் கலவை எல்லாம் அந்த இரண்டாவது வாரத்தில் வேண்டாம். மொஹிங்கா (மீன் குழம்பு நூடுல்ஸ்) ஆசையாக இருந்தால் வீட்டில் கொதிக்கக் கொதிக்கச் செய்து சூடாகச் சாப்பிடலாம். வயிறு நிறைய ஒரே வேளையில் சாப்பிடாமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் கொஞ்சம் கஞ்சி, இட்லி, முழுசாக வெந்த முட்டை. சமையல் வாசனையே குமட்டும் நாளில் ஆறிய சாதம் நல்லது என்பார்கள், ஆனால் அன்றைக்கு வடித்ததாக இருக்கட்டும், பழையது கூடாது. குமட்டலுக்குத் தரும் மாத்திரையை வாந்தி வரட்டும் என்று காத்திராமல் டாக்டர் சொன்ன நேரத்துக்குப் போட்டுவிடுங்கள். அது சிலருக்கு மலத்தைக் கட்டும், அதையும் கேட்டு வையுங்கள். பம்ப்ளிமாஸ் பழம் சில மருந்துகளோடு சேராது, நாட்டு மருந்தும் அப்படித்தான், டாக்டருக்குத் தெரியாமல் எதுவும் வேண்டாம்.

வெற்றிலை போடுபவர்கள் நிறுத்தித்தான் ஆகவேண்டும். வாய்க்குள் புண் வரும் காலத்தில் சுண்ணாம்பும் பாக்கும் நெருப்பு மாதிரி. மென்மையான பிரஷ், ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஒரு டீஸ்பூன் உப்பு, ஒரு டீஸ்பூன் சமையல் சோடா, நாளுக்கு நாலைந்து முறை கொப்பளித்துத் துப்ப வேண்டும்.

கரண்ட் பிரச்சினை நம் ஊருக்கே உரியது. வெள்ளையணுவைக் கூட்டும் ஊசியை வீட்டுக்குக் கொடுத்தனுப்பினால் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கவேண்டும். நாங்கள் வாயகன்ற பிளாஸ்கில் ஐஸ் பை போட்டு, மேலே துணி மடித்து, அதன் மேல் ஊசிப் பெட்டியை வைத்தோம். ஐஸில் நேராகப் படக்கூடாது, உறைந்தால் மருந்து கெட்டுவிடும்.

முடி கொட்டவைக்கும் மருந்தாக இருந்தால் இரண்டு மூன்று வாரத்தில் கொட்டத் தொடங்கும். தலையணையில் கொத்தாகப் பார்ப்பதற்கு முன்பே மெஷினால் ஒட்ட வெட்டிவிடுவது மனசுக்கு லேசு. பிளேடு வேண்டாம், கீறல் வழியாகக் கிருமி போகும். நம் தெருவில் மொட்டைத் தலை புதிதில்லை, எந்தக் கோயிலுக்கு நேர்த்தி என்றுதான் கேட்பார்கள், பதில் சொல்வதும் சொல்லாததும் உங்கள் இஷ்டம். ஏப்ரல் தண்ணீர்த் திருவிழாவை மட்டும் இந்த வருஷம் மாடியிலிருந்து பாருங்கள், எந்தக் குளத்துத் தண்ணீரோ தெரியாது, கையிலோ நெஞ்சிலோ மருந்துக் குழாய் இருந்தால் அது நனையவே கூடாது.

அசதிக்கு நாள் முழுக்கப் படுப்பது மருந்தில்லை. டாக்டர் தடுக்காவிட்டால் விடிகாலையில் வெயிலுக்கு முன் ஒரு பத்து இருபது நிமிடம் மெதுவாக நடங்கள். வேலைக்குப் போகிறவர்கள் வெள்ளிக்கிழமை மருந்து ஏற்றமுடியுமா என்று கேட்டுப் பாருங்கள், மோசமான நாட்களில் பாதி வாரக்கடைசியில் கழிந்துவிடும்.

மருந்து ஏறி 48 மணிநேரம் கக்கூஸை மூடியை மூடி இரண்டு தரம் ஃப்ளஷ் செய்யவேண்டும், வாந்தி பட்ட துணியைக் கையுறை போட்டுத் தனியாகத் துவைக்கவேண்டும். மற்றபடி பேரப்பிள்ளையைத் தூக்கலாம், பக்கத்தில் படுக்கவைத்துக் கதை சொல்லலாம். சளி இருமல் உள்ள பிள்ளை மட்டும் குணமான பிறகு வரட்டும்.