சாப்பாட்டு விஷயத்தில் ‘கொஞ்சம் கஷ்டமான’ ஒருவரோடு குடும்ப விடுமுறை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் சித்தி மகள் போன் செய்தாள். புகுந்த வீட்டார் 11 பேர் சேர்ந்து ஒரு வாரம் வாடகை வீட்டில் தங்கப் போகிறார்களாம். சாப்பாட்டுத் திட்டம் முழுக்க இவள் பொறுப்பு. மாமனார் சாப்பாட்டு விஷயத்தில் கொஞ்சம் கஷ்டம், பாதிக் காய்களைத் தொடவே மாட்டார். “நான் ஒரு வழி கண்டுபிடிச்சிட்டேன்க்கா. பூசணிக்காயை வேகவெச்சு நைசா அரைச்சுப் பருப்புல கலந்துட்டா அவருக்குத் தெரியவே தெரியாது” என்றாள்.

எனக்குப் பகீரென்றது. 12 வருடங்களுக்கு முன்னால் இதே உற்சாகத்தோடு இதே பேச்சை நானும் பேசியிருக்கிறேன்.

எங்கள் வீட்டில் அந்தக் ‘கஷ்டம்’ அத்தான், அக்காவின் கணவர். எண்ணிப் பார்த்தால் 20 பண்டங்களுக்கு மேல் சாப்பிட மாட்டார். வருடா வருடம் எல்லோருமாக எங்காவது போவோம், மூன்று வேளைக்கும் திட்டம் போடுவது நான். முன்கூட்டியே பட்டியல் எழுதுவது, மளிகை வாங்கி வைப்பது எல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விட்டுவிடுகிறேன். தெரியாமல் போய் மாட்டிக்கொள்ளும் இடங்களை மட்டும் சொல்கிறேன்.

“உங்களுக்கு எது பிடிக்காது?” என்று கேட்பது

இந்தக் கேள்விக்கு வரும் பதில் முடியவே முடியாது. முடிந்தாலும் உதவாது. பிடிக்காதவை 50 என்று தெரிந்த பிறகும், காலையில் அடுப்பில் எதை வைப்பது என்று உங்களுக்குத் தெரிந்திருக்காது. அதற்குப் பதிலாக, “வீட்டில் சாதாரணமாக ஒரு வாரம் என்னென்ன சாப்பிடுவீர்கள்?” என்று கேளுங்கள். திங்கள் காலை என்ன, மதியம் என்ன, பசி அதிகமானால் முதலில் எதை எடுப்பீர்கள் என்று இறங்கிக் கேளுங்கள்.

பண்டத்தின் பெயரோடு நிறுத்திவிடக் கூடாது. அத்தான் உருளைக்கிழங்கு சாப்பிடுவார் என்று எழுதி வைத்துக்கொண்டு முதல் வருடம் மசித்து வைத்தேன். தொடவில்லை. அவருக்கு அது வறுவலாக, ஓரம் மொறுமொறுவென்று இருக்க வேண்டும். தக்காளி கரைந்து போயிருந்தால் சரி, துண்டாகக் கண்ணில் பட்டால் தட்டு நகர்ந்துவிடும். இவர்களில் பலருக்குச் சுவையைவிட வாயில் படும் பதம்தான் பிரச்சினை. கொழகொழப்பு, மென்றால் நறுக்கென்று வரும் சத்தம், எதிர்பாராமல் கடிபடும் ஒரு துண்டு. ஆகவே ஒவ்வொரு பண்டத்துக்கும் பக்கத்தில் எந்த வடிவில், எந்தப் பதத்தில் என்று எழுதிக்கொள்ளுங்கள். ரொட்டி என்றால் எந்த ரொட்டி என்பதும் வேண்டும்.

இன்னொன்று, அவரிடமே கேளுங்கள். அக்காவிடம் கேட்டால் “தயிர் சாப்பிடுவார்” என்பாள். அன்றன்று உறைந்த புளிக்காத தயிர் மட்டும் என்பது அவளுக்குக் கைப்பழக்கமாகிவிட்டதால் சொல்லத் தோன்றாது. கேட்பதும் தனியாக இருக்கட்டும். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் கேட்டால் பத்துப் பேர் கருத்துச் சொல்வார்கள், அவர் “எதுவானாலும் பரவாயில்லை” என்று எழுதிவிட்டு ஒதுங்கிவிடுவார். அந்தப் பதிலை வைத்து ஒரு வேளைகூடச் சமைக்க முடியாது.

வீம்பு என்று முடிவு கட்டுவது

நானும் கட்டியிருந்தேன். 1931-ல் அமெரிக்க வேதியியலாளர் ஆர்தர் ஃபாக்ஸின் ஆய்வகத்தில் ஒரு பொடி காற்றில் பறந்தது. பக்கத்தில் இருந்தவர் தாங்க முடியாத கசப்பு என்றார். ஃபாக்ஸுக்கு எதுவுமே தெரியவில்லை. ஒரே பொருள், ஒரே அறை, இரண்டு நாக்குகள். அந்தக் கசப்பை உணர்வதில் பெரும் பங்கு வகிக்கும் மரபணுவை 2003-ல் கண்டுபிடித்தார்கள். முட்டைக்கோஸ் வகைக் காய்கள் சிலருக்கு மற்றவர்களைவிட அதிகமாகக் கசப்பதற்கு இதுவும் ஒரு காரணம். பழகாத உணவைக் கண்டு பின்வாங்குவதை அளக்க 1992-லேயே உளவியலில் பத்துக் கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோல் வந்துவிட்டது. குழந்தைகளிடம் அதிகமாகத் தெரியும் இந்தத் தயக்கம் சிலரிடம் வளர்ந்த பிறகும் தங்கிவிடுகிறது.

இதிலும் ஓர் எல்லை உண்டு. எடை குறைவது, சத்துக் குறைபாடு, நாலு பேரோடு உட்கார்ந்து சாப்பிடவே முடியாமல் போவது என்று இருந்தால், அது வெறும் விருப்பு வெறுப்பு இல்லை. உணவைத் தவிர்க்கும் அல்லது மிகவும் சுருக்கிக்கொள்ளும் கோளாறு என்று 2013-ல் அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டில் தனியாகவே சேர்த்தார்கள். உடல் மெலிய வேண்டும் என்ற எண்ணத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அதற்கு மருத்துவரிடம்தான் போக வேண்டும், விடுமுறை வீட்டுச் சமையலறையில் யாரும் அதைச் சரிசெய்ய முயல வேண்டாம்.

ஒளித்துக் கலப்பது

சித்தி மகளிடம் முக்கால் மணி நேரம் பேசியது இதைப் பற்றித்தான். இன்றைக்கும் யாராவது இதைச் சாமர்த்தியம் போலச் சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது, ஏனென்றால் இதன் விலையைக் கொடுத்தவள் நான்.

அந்த வருடம் ஏழு நாள் விடுமுறை. அத்தானுக்குக் காளான் ஆகாது. வழுக்கிக்கொண்டு போகும் அந்தப் பதம்தானே அவருக்குப் பிடிக்கவில்லை, அரைத்துவிட்டால் அது போய்விடுமே என்று கணக்குப் போட்டேன். இரண்டாம் நாள் இரவு கோழி சூப்பில் ஒரு கிண்ணம் காளானை அரைத்து ஊற்றினேன். இரண்டு கோப்பை குடித்தார். “நல்லா இருக்கும்மா” என்று சொன்னார். மனசு நிறைந்துபோய், சாப்பிட்டு முடிந்ததும் எல்லோர் முன்னாலும் உண்மையைச் சொன்னேன். அவர் சந்தோஷப்படுவார் என்றே நம்பினேன். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள், யாரோ கை தட்டினார்கள்.

அவர் சிரிக்கவில்லை. கோபித்துக்கொள்ளவும் இல்லை. கரண்டியைக் கோப்பைக்குள் வைத்துவிட்டு, “சொல்லியிருக்கலாமேம்மா” என்றார். எழுந்து போனார்.

மறுநாள் காலை அவருக்குப் பிடித்த மாதிரியே முட்டை பொரித்து வைத்தேன். வேண்டாம் என்றார். மதியம் சோறு மட்டும் எடுத்துக்கொண்டார், மேலே எதையும் ஊற்றிக்கொள்ளவில்லை. மூன்றாம் நாள்தான் எனக்கு உறைத்தது: அவர் சாப்பிட்டது எல்லாம் தோலோ ஓடோ உறையோ உள்ளவை. வாழைப்பழம், ஆரஞ்சு, தானே உடைத்து உரித்த வேகவைத்த முட்டை, பிரிக்காத பாக்கெட் ரொட்டி. என் கை உள்ளே போயிருக்க முடியாத பண்டமாகப் பார்த்து எடுத்திருக்கிறார். மீதி ஐந்து நாளும் அப்படியே போனது. அக்கா என்னிடம் சரியாகப் பேசவில்லை. வாங்கி வைத்திருந்த பொருள்களில் பாதி வீணானது.

அதோடு முடிந்திருந்தால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். அதுவரை என் கையால் கவலையில்லாமல் சாப்பிட்ட எட்டுப் பத்துப் பண்டங்களையும் அவர் விட்டுவிட்டார். இதைத்தான் புதிதாகப் பொறுப்பெடுப்பவர்கள் யோசிப்பதில்லை. இந்த மாதிரி ஒருவர் ஒரு பண்டத்தைச் சாப்பிடுகிறார் என்றால், அடுத்த வாய் எப்படி இருக்கும் என்று அவருக்கு முன்கூட்டியே தெரிகிறது என்று அர்த்தம். அந்த நிச்சயம் இருப்பதால்தான் சாப்பிட முடிகிறது. சூப்பில் காளானைக் கலந்தபோது அவருக்குக் காளான் பழகவில்லை, சூப்தான் சந்தேகப் பொருளாக மாறியது. ஒன்றைக் கூட்டப் போய்ப் பத்தைக் குறைத்தேன். மறுபடியும் என் சூப்பை அவர் குடிக்க நான்கு வருடம் ஆனது. அதுவும் அடுப்பங்கரையில் என் பக்கத்தில் நின்று, ஒவ்வொன்றாகப் போடுவதைப் பார்த்த பிறகு.

“சொல்லாமலே இருந்துவிட்டால்?” என்று சித்தி மகள் கேட்டாள். 11 பேர் இருக்கும் வீட்டில் யாராவது சொல்லிவிடுவார்கள், குப்பைக்கூடையில் தோல் கிடக்கும், குழந்தைகள் பார்த்திருப்பார்கள். சரி, தெரியவே இல்லை என்று வைத்துக்கொள்வோம். ஒரு பெரியவரின் உடம்புக்குள் எது போக வேண்டும் என்று அவரைக் கேட்காமல் நீங்கள் முடிவு செய்ததாகத்தான் ஆகும். சில சமயம் ஆபத்தும் இருக்கிறது. ஒரு பண்டத்தைத் தின்றால் நாக்கு அரிக்கிறது, தொண்டை ஒரு மாதிரி ஆகிறது என்பதை ஒவ்வாமை என்று அறியாமல் “பிடிக்காது” என்றே சொல்லிக்கொண்டு காலம் தள்ளுபவர்கள் உண்டு.

ஆகவே என் வீட்டில் இப்போது ஒரே சட்டம்: கேட்டால் உள்ளே இருப்பதை முழுதாகச் சொல்ல வேண்டும், கேட்காவிட்டாலும் வழக்கமானதில் எதையாவது மாற்றியிருந்தால் நாமே சொல்லிவிட வேண்டும். எண்ணெய் மாறினாலும்தான்.

“ஒரே ஒரு வாய்…”

கேட்காதீர்கள். வைத்துவிட்டு நகருங்கள்.

ஒவ்வொரு வேளையும் இரண்டு சமையல்

மூன்றாம் நாளே இடுப்பு ஒடிந்துவிடும். அவருக்கும் அது கூச்சம், தனித் தட்டு வரும்போது மேஜை முழுக்க அவரைத்தான் பார்க்கும். நான் செய்வது இது: ஒவ்வொரு வேளையும் மேஜையில் அவர் நிச்சயமாகச் சாப்பிடும் பண்டம் இரண்டு, எல்லோருக்கும் பொதுவாக இருக்கும். மற்றவை எங்கள் இஷ்டம். குழம்பு, சாஸ், தாளிப்பு, நறுக்கிய காய் எல்லாம் தனித்தனிக் கிண்ணத்தில். அவரவர் தட்டில் அவரவர் சேர்த்துக்கொள்வார்கள், யாருக்காக இந்த ஏற்பாடு என்று யாருக்கும் தோன்றாது.

கலந்தே ஆக வேண்டிய சமையல் என்றால், கலப்பதற்கு ஒரு படி முன்னால் அவர் பங்கை எடுத்து வைத்துவிடுங்கள். அந்தக் கிண்ணத்தை மறந்துவிடாதீர்கள். சமைத்த உணவு வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது, 32 டிகிரிக்கு மேல் வெயில் கொளுத்தினால் ஒரு மணி நேரம்தான். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையில் கிருமிகள் வேகமாகப் பெருகும். ஊர் சுற்றப் போனவர்கள் திரும்ப நேரமாகும் என்று தெரிந்தால் குளிர்பெட்டியில் வைத்து, வந்ததும் ஆவி பறக்கச் சூடாக்குங்கள்.

எல்லோரையும் அவர் தட்டுக்குள் அடைப்பது

காளான் சம்பவத்துக்கு அடுத்த வருடம் குற்ற உணர்ச்சியில் ஏழு நாளும் அவர் சாப்பிடுவதை மட்டுமே எல்லோருக்கும் சமைத்தேன். தம்பி பிள்ளைகள் முணுமுணுத்தார்கள். அத்தான் அதைக் கேட்டுவிட்டுத் தன் தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குப் போய்விட்டார்.

வந்து சேரும் நாளைத் திட்டத்தில் சேர்க்காதது

ஏழு நாளில் உடையும் நாள் இதுதான். வண்டி தாமதம், கடை மூடியிருக்கும், எல்லோருக்கும் பசி, கண்ணில் பட்ட முதல் உணவகத்துக்குள் நுழைவோம். அங்கே அவருக்கு ஒன்றும் இருக்காது. முதல் இரவுக்கும் மறுநாள் காலைக்கும் ஆனதை வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு போங்கள். விமானம் என்றால் ஒன்றைக் கவனியுங்கள்: பல விமான நிலையங்களில் தயிர், ஜாம், கடலை வெண்ணெய் போன்றவையும் திரவக் கணக்கில்தான் வரும், கைப்பையில் 100 மில்லிக்கு மேல் விட மாட்டார்கள். வேறு நாட்டுக்குப் போவதானால் பழம், இறைச்சி, பால் பொருள்களுக்கு எல்லையில் தடை இருக்கலாம், முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். நான் உலர்ந்த பொருளாகவே எடுத்து வைப்பேன்.

உணவகத்தில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவது

பரிமாறுபவர் தலைமாட்டில் நிற்க, பத்துப் பேர் காத்திருக்க, “இதில் வெங்காயம் இருக்கிறதா?” என்று கேட்பது அவருக்கு எவ்வளவு கஷ்டம் என்று பல வருடம் நான் யோசித்ததே இல்லை. பட்டியலை முதல் நாளே இணையத்தில் பார்த்து அவருக்கு அனுப்பிவிடுகிறேன். சந்தேகம் இருந்தால் மதியக் கூட்டம் ஓய்ந்த பிறகு, மாலைக் கூட்டம் தொடங்கும் முன்னால் போன் செய்வேன். அந்த நேரத்தில்தான் சமையலறையில் போய்க் கேட்டுவந்து பொறுமையாகப் பதில் சொல்வார்கள். “சாஸைத் தனியாகத் தர முடியுமா?” என்ற ஒரு கேள்வியிலேயே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

எதுவும் சரிவராத இடமாக இருந்தால் அவர் முன்பே சாப்பிட்டுவிட்டு வருவார். எங்களோடு உட்கார்ந்து எதையாவது குடிப்பார், பேசுவார். அதில் ஒரு குறையும் இல்லை. “ஏன் சாப்பிடலை?” என்று யாரும் கேட்கக் கூடாது என்பதை மட்டும் கிளம்பும் முன்னே மற்றவர்களிடம் சொல்லிவிடுவேன்.

குழந்தைகள் முன்னால் கேலி

ஒருமுறைகூட வேண்டாம்.

அவருக்கு வேலை கொடுக்காதது

சமையலறைக்குள் கூப்பிடுங்கள். இப்போது எங்கள் விடுமுறையில் காலைச் சாப்பாடு அத்தான் பொறுப்பு. கடைக்கும் அவர் என்னோடு வருவார், தனக்கானதைத் தானே கூடையில் போட்டுக்கொள்வார். முன்பு மூன்று வேளையும் ஒருவித பதற்றத்தோடு மேஜைக்கு வருவார், இப்போது ஒரு வேளையாவது எல்லோருக்கும் முன்னால் உட்கார்ந்துவிடுகிறார்.

சித்தி மகள் நேற்று மறுபடி அழைத்தாள். மாமனாரை மாலை நடைக்கு அழைத்துப்போய்த் தனியாகக் கேட்டாளாம். முதலில் மழுப்பியவர், “சரி, எழுதிக்கோம்மா” என்று 14 பண்டம் சொன்னாராம். அதில் ஒன்பதாவது பூசணிக்காய். துண்டு துண்டாக நறுக்கி, ஓரம் சிவக்க வறுத்தால் இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிடுவாராம். மசித்தால்தான் ஆகாதாம்.