புதிய ஆல்பத்தைப் பற்றி இண்டி ராக் கலைஞரைப் பேட்டி காண்பது

ஆல்பம் வெளியாகும் வாரத்தில் ஓர் இண்டி ராக் கலைஞர் (பெரிய இசை நிறுவனங்களைச் சாராமல் இயங்கும் ராக் இசைக் கலைஞர்) ஒரே நாளில் பலருக்குப் பேட்டி கொடுக்க நேரிடும். வருகிற எல்லோரிடமும் இருப்பது ஒரே செய்திக்குறிப்பு. அதிலுள்ள கதையையே அவர் வாயால் மறுபடியும் சொல்ல வைப்பதற்குப் பேட்டி தேவையில்லை. எனவே, அவரைச் சந்திப்பதற்கு முன்பே, ஆல்பத்தைக் கேட்பதிலும் யார் எதை வாசித்தார்கள் என்று உறையில் அச்சாகியிருக்கும் பெயர்ப் பட்டியலைப் படிப்பதிலும் வேலையின் பெரும்பகுதி முடிந்துவிட வேண்டும்.

‘போன் ஈவேர்’ என்ற பெயரில் பாடும் ஜஸ்டின் வெர்னனின் முதல் ஆல்பமான ‘ஃபார் எம்மா, ஃபாரெவர் அகோ’வை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், தந்தைக்குச் சொந்தமான வேட்டைக் குடிலில், 2006–07 பனிக்காலத்தைத் தனியாகக் கழித்தபோது அவர் அதன் பெரும்பகுதியைப் பதிவு செய்தார். 2007-இல் தாமே வெளியிட்டார். 2008-இல் ஜாக்ஜாகுவார் என்ற இசை வெளியீட்டு நிறுவனம் அதை மறுபடி வெளியிட்டது. குடில் கதை பாடல்களுக்கு இணையாகப் பரவியது. ஆனால் ‘ஃபார் எம்மா’ பாடலில் ஒலிக்கும் ஊதுகருவிகளை வேறு கலைஞர்கள் வாசித்திருக்கிறார்கள். பெயர்ப் பட்டியலைப் படித்தவர், “குடிலில் எப்படித் தனியாக இருந்தீர்கள்?” என்று கேட்க மாட்டார், “தனியாக உருவாக்கிய பாடலுக்கு இன்னொருவருடைய மூச்சு தேவை என்று எப்போது தோன்றியது?” என்று கேட்பார். முதல் கேள்விக்கு மனப்பாடமான பதிலே வரும், இரண்டாவதற்கு அவர் யோசிக்க வேண்டியிருக்கும்.

ஆல்பத்தைக் குறைந்தது மூன்று முறை கேளுங்கள்: முதல் முறை குறிப்பெடுக்காமல், அடுத்த முறை வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு, பிறகு நிமிடக் கணக்கைக் குறித்தபடி. “நான்காவது பாடலில் இரண்டாம் சரணத்துக்குப் பின் டிரம்ஸ் நின்றுவிடுகிறது, முதல் பதிவிலும் அப்படித்தான் இருந்ததா?” என்று கேட்டால், விட்டுவிட்ட வடிவங்களைப் பற்றியும் குழுவுக்குள் நடந்த வாக்குவாதங்களைப் பற்றியும் பேச்சு தானாகவே வரும். அவருடைய இசையில் எந்தக் கலைஞரின் தாக்கம் இருக்கிறது என்ற கேள்வியைக் கடைசிவரை தள்ளிப்போடுங்கள். கேட்காமல் விட்டாலும் நஷ்டமில்லை.

இருபது நிமிடப் பேட்டிக்கு ஆறேழு கேள்விகள் போதும். பணத்தைப் பற்றிக் கேட்கத் தயங்க வேண்டாம். ஸ்டுடியோ வாடகையை யார் கொடுத்தார்கள், எத்தனை நாட்கள் கிடைத்தன என்பவை இண்டி இசையில் ஒலியையே தீர்மானிக்கும் விஷயங்கள். வரிகளில் வரும் காதலி யார் என்று துருவுவதைவிட, ஒரு வரியை எப்போது மாற்றினார் என்று கேட்பது பலன் தரும். பதில் முடிந்ததுபோல் தோன்றினாலும் மூன்று நொடி பேசாமல் இருங்கள். நல்ல வாக்கியம் பெரும்பாலும் அந்த இடைவெளிக்குப் பிறகுதான் வரும்.

பேச்சை இரண்டு கருவிகளில் பதிவு செய்யுங்கள். எது அச்சில் வரக்கூடாது என்பதைத் தொடக்கத்திலேயே பேசி முடிவுசெய்துகொள்ளுங்கள், ஏனெனில் சொல்லி முடித்தபிறகு அதைத் திரும்பப் பெறுவது இருவருக்கும் சங்கடம். ஆங்கிலத்தில் நடந்த பேட்டியைத் தமிழில் எழுதும்போது, தயங்கித் தயங்கிப் பேசியவரை மேடைப் பேச்சாளராக ஆக்கிவிடாதீர்கள். எழுதி முடித்ததும் பாடல் தலைப்புகள், கருவிகள், உடன் வாசித்தவர்களின் பெயர்கள் ஆகியவற்றை மட்டும் அவரிடம் சரிபார்த்துக்கொள்ளுங்கள். முழுக் கட்டுரையையும் ஒப்புதலுக்கு அனுப்ப வேண்டியதில்லை.