ஒரே ஒரு பெரணி வாங்கினால் போதும்

கிழக்குக் கனடா போன்ற குளிர்ப் பகுதியில் நிழல் தோட்டம் போடுகிறவர்கள் பத்துத் தொட்டி பெரணி வாங்க வேண்டாம். அந்த மண்ணுக்கே உரிய ஆஸ்ட்ரிச் ஃபெர்ன் என்ற பெரணி ஒன்றை வாங்கி நடுங்கள். அது மண்ணுக்கடியில் ஓடுதண்டு விட்டுச் சற்றுத் தள்ளிப் புதுக் கன்றைக் கிளப்பும். வசந்தத்தில் பனி உருகியதும், நத்தை போலச் சுருண்டிருக்கும் பச்சைக் குருத்து விரிவதற்குள், ஓடுதண்டை வெட்டிக் கன்றை வேர்மண்ணோடு பெயர்த்து நட்டுவிடலாம். குருத்துக் கொண்டை மண்மட்டத்தில் தெரியட்டும். ஆழப் புதைத்தால் அழுகிவிடும், இதில் மட்டும் அவசரம் கூடாது.

கிறிஸ்துமஸ் ஃபெர்ன் என்ற இன்னொரு பெரணிக்கு இது பொருந்தாது, அது பரவாமல் ஒரே தூராக நிற்கும். ஆஸ்ட்ரிச் ஃபெர்னை ஈரம் நிற்காத மண்ணில் நட வேண்டாம். கோடை முடிவதற்குள் இலை கருகிவிடும்.