மலை இல்லாத ஊரில் நீரேந்துப் பகுதியைப் பிள்ளைகளுக்குக் காட்டுவது எப்படி?

தரம் 7 வகுப்பில் நீரேந்துப் பகுதி (மழைநீர் ஓடி ஒரே ஆற்றிலோ குளத்திலோ வந்து சேரும் நிலப்பரப்பு) பற்றிப் படம் கீறித்தான் தொடங்கினேன். இரண்டு மலை, நடுவில் பள்ளத்தாக்கு, அதில் ஒரு ஆறு. கீறி முடிக்கமுதலே பின்வாங்கில் இருந்து கேள்வி வந்தது: "ரீச்சர், இஞ்ச மலையே இல்லையே. அப்ப எங்களுக்கு நீரேந்துப் பகுதி இல்லையோ?"

நியாயமான கேள்வி. கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ பிறந்து வளர்ந்த பிள்ளை தன் கண்ணால் மலையைக் கண்டிருக்காது. ஆனால் ஊருக்கொரு குளம் இருக்கிறது. தண்ணீர் தானாக வந்து சேரும் இடம் பார்த்துத்தான் அந்தக் குளங்களுக்குக் கட்டுப் போட்டிருக்கிறார்கள். அப்படியென்றால் சரிவும் இருக்கிறது, நம் கண்ணுக்குத்தான் பிடிபடவில்லை. அதைப் பிள்ளைகளின் கண்ணுக்குப் பிடிபட வைக்க எனக்கு இரண்டு மாரி எடுத்தது. இரண்டாம் வருடம் சரிவந்த முறையை இங்கே எழுதுகிறேன்.

எப்போது தொடங்குவது

புரட்டாதியில். எங்கள் மழையின் பெரும்பகுதி ஐப்பசி தொடங்கி மார்கழி வரைக்கும் வடகீழ்ப் பருவக்காற்றோடு வருகிறது. அதற்கு முன்னமே அளந்து படம் கீறி வைத்தால், முதல் மழை வந்து விடைத்தாள் திருத்திவிடும். தை மாதத்தில் தொடங்கினால் பாதிப் பாடம் போய்விடும்.

தேவையானவை

பத்து மீற்றர் கண்ணாடிக் குழாய் (உள்ளே நீர் தெரியும் வளையும் பிளாஸ்ரிக் குழாய், மேசன்மார் மட்டம் பார்க்கப் பாவிப்பது, ஹாட்வெயார் கடையில் மீற்றர் கணக்கில் வெட்டித் தருவார்கள்). ஒரே உயரமான இரண்டு தடிகள், சென்ரிமீற்றர் குறித்தது. வாளி. இரு பக்கமும் வெட்டிய பால்மா ரின் மூன்று. நேரான பக்கமுள்ள போத்தல் ஒன்று. பழைய தறப்பாள், மணல், பூவாளி, கொஞ்சம் சாம்பல், மஞ்சள் தூள்.

ரெஜிபோம் (வெள்ளை நுரைப் பலகை) வாங்காதீர்கள். கண்காட்சிக்கு அழகான மலை செய்யலாம், மூன்றாம் நாள் அது வாய்க்காலில் மிதக்கும். சுற்றாடல் பாடத்துக்கு அதைப் பாவிப்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை. உயரம் காட்டும் கைபேசிச் செயலிகளும் இந்த வேலைக்கு உதவாது. அவற்றின் பிழையே பல மீற்றர் இருக்கும். நாங்கள் தேடுவது பத்து, பதினைந்து சென்ரிமீற்றர் வித்தியாசம்.

படி 1: தறப்பாளில் ஒரு ஊர்

தறப்பாளை விரித்து ஈரமணலைக் குவியுங்கள். மலை வேண்டாம். நடுவில் நான்கு விரல் உயரத்துக்கு ஒரு மேடு, இரு பக்கமும் மெல்லிய சரிவு போதும். ஒரு பக்கத்தில் விரலால் ஆறு கீறி, குறுக்கே கட்டுப் போட்டுக் குளமாக்குங்கள். வீடு இருக்கும் இடத்தில் சாம்பலையும் வயல் இருக்கும் இடத்தில் மஞ்சள் தூளையும் தூவிவிட்டு, பூவாளியால் மழை பெய்ய விடுங்கள். குளத்து நீர் மஞ்சளாகும். மேட்டுக்கு மற்றப் பக்கத்தில் தூவியது மட்டும் இந்தக் குளத்துக்கு வராது. "ஏன் வரேல்லை?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். நீர்பிரி கோடு (நீர் இரு பக்கமும் பிரிந்து ஓடும் மேட்டின் கோடு) என்ற சொல்லை அவர்கள் பதிலைக் கண்டுபிடித்த பிறகு சொன்னால் போதும்.

படி 2: பள்ளிக்கூட வளவின் சரிவை அளத்தல்

என்னை விழுத்திய படி இதுதான், அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

வாளியை மேசைமேல் வைத்து, குழாயின் ஒரு முனையை உள்ளே அமிழ்த்தி, மறுமுனையை உறிஞ்சி நீரை இறக்குங்கள். குழாய் நிரம்பியதும் இரு முனைகளையும் இரண்டு தடிகளோடு சேர்த்துப் பிடியுங்கள். மேலே ஒரு சாண் வெறுமையாக இருக்கட்டும். நடக்கும்போது முனைகளைப் பெருவிரலால் மூடலாம், அளக்கும்போது இரண்டு விரலையும் கட்டாயம் எடுக்க வேண்டும்.

முதல் வருடம் நான் குமிழியைக் கவனிக்கவில்லை. குழாயின் நடுவில் எங்கோ காற்று நின்றிருந்தது. அந்த அளவை நம்பி, வளவின் நீர் எல்லாம் கிணற்றடிப் பக்கம் ஓடும் என்று பிள்ளைகளைக் கொண்டு படம் கீறுவித்தேன். ஐப்பசியில் முதல் மழைக்கு எல்லா நீரும் நேரெதிரே, மதிலோரம் ஓடி மதகுக்குள் இறங்கியது. பிள்ளைகள் படத்தையும் என்னையும் பார்த்தார்கள். மழை விட்டதும் எல்லாவற்றையும் திரும்ப அளந்தோம்.

ஆகவே ஒவ்வொரு தடவையும் அளக்கமுதல் இரு தடிகளையும் பக்கத்துப் பக்கத்தில், ஒரே சீமெந்து நிலத்தில் நிறுத்திப் பாருங்கள். இரண்டிலும் ஒரே எண் வர வேண்டும். வராவிட்டால் உள்ளே காற்று நிற்கிறது. குழாயை நிலத்தில் நீட்டி ஒரு பக்கத்தில் இருந்து தட்டிக்கொண்டே போனால் குமிழி வெளியேறும்.

அடுத்த சிக்கல் எண்ணில். முதல் தடியில் நீர்மட்டம் 80, இரண்டாம் தடியில் 95 என்று வந்தால், எந்த இடம் பள்ளம்? கிட்டத்தட்ட எல்லாப் பிள்ளைகளும் 95 தான் மேடு என்பார்கள், எண் பெரிது என்பதால். பலகையில் எவ்வளவு கீறியும் எனக்கு விளங்கப்படுத்த முடியவில்லை. கடைசியில் ஒரு மாணவிதான் விளங்கப்படுத்தினாள்: "குளத்துக்குள்ள இறங்கினா தாழ்வான இடத்தில தண்ணி கழுத்துக்கு வரும், மேட்டில முழங்காலுக்கு. தண்ணி ஒரே மட்டம்தானே?" வகுப்பு முழுவதற்கும் அந்தக் கணமே விளங்கியது. 95 இருக்கும் இடம் 15 சென்ரிமீற்றர் பள்ளம். இப்போது ஒவ்வொரு வருடமும் அவளுடைய வசனத்தோடுதான் இந்தப் படியைத் தொடங்குகிறேன்.

கொடிக்கம்பத்தில் இருந்து எட்டுத் திசைக்கும் அளந்து, எண்களைக் கடதாசியில் போட்டு, நீர் போகும் பக்கத்துக்கு அம்புக்குறி இடுங்கள். அம்புகள் இரண்டாகப் பிரியும் இடத்தில் சுண்ணாம்பால் நிலத்தில் கோடு போடுங்கள். அதுதான் உங்கள் வளவின் நீர்பிரி கோடு. எங்கள் வளவில் அது வலைப்பந்துத் திடலுக்குக் குறுக்கே போகிறது.

படி 3: மழையை எண்ணுதல்

போத்தலின் கழுத்தை வெட்டிக் கவிழ்த்துப் புனலாக வையுங்கள். அடி மேடுபள்ளமாக இருந்தால் கொஞ்சம் சீமெந்து விட்டுச் சமப்படுத்தி, அங்கிருந்து மில்லிமீற்றர் குறியுங்கள்.

ஒரு சதுர மீற்றரில் 1 மில்லிமீற்றர் மழை விழுந்தால் 1 லீற்றர். 20 மீற்றர் நீளமும் 6 மீற்றர் அகலமுமான வகுப்பறைக் கூரை 120 சதுர மீற்றர். அதில் 25 மில்லிமீற்றர் மழைக்கு 3000 லீற்றர். அவ்வளவும் நிலத்தை அரித்துக்கொண்டு வீதிக்குப் போகிறது. வைகாசியில் வாளியோடு குடிநீர் பவுசருக்கு வரிசையில் நின்ற பிள்ளைகள் இந்தக் கணக்கைப் போடும்போது வகுப்பு அமைதியாகிவிடும்.

படி 4: மண் குடிக்கும் வேகம்

ரின்னை இரண்டு அங்குலம் மண்ணில் அடித்து இறக்கி, ஒரு போத்தல் நீர் ஊற்றி, வற்றும் நேரத்தைக் குறியுங்கள். மரத்தின் கீழ் ஒன்று, விளையாட்டுத் திடலில் ஒன்று, கிறவல் வீதியோரம் ஒன்று. மரத்தடி முந்தும். காடழித்த இடத்தில் மழைநீர் ஏன் ஒரேயடியாக ஓடி வருகிறது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் என்னிடம் இல்லை.

படி 5: குளத்துக்குப் போதல்

முதலில் பாதுகாப்பு. வன்னியில் கண்ணிவெடி அகற்றும் வேலை இன்னும் முடியவில்லை. ஆட்கள் நாளாந்தம் நடக்கும் பாதையை விட்டு ஓரடி கூட விலக வேண்டாம். அலைகரைக் காட்டுக்குள் (கட்டுக்கு எதிரே குளத்து நீர் பரவும் கரையோரக் காடு) இறங்க வேண்டாம். மண்டையோட்டுப் பலகை இல்லையென்பதால் இடம் பாதுகாப்பானது என்று எண்ண வேண்டாம். குளத்துக்குள் கால் வைக்க விடாதீர்கள், முதலை இருக்கும். காலில் காயமுள்ள பிள்ளை வயல் சேற்றில் இறங்கக்கூடாது, எலிக்காய்ச்சல் அப்படித்தான் வரும். யானை நடமாடும் பக்கமென்றால் காலை ஒன்பதுக்குப் போய்ப் பதினொன்றுக்குள் திரும்பிவிடுங்கள்.

கமக்காரர் அமைப்பில் வயதான ஒருவரைக் கூட்டிப் போங்கள். கட்டு, துருசு (வயலுக்கு நீர் திறந்துவிடும் மடை), வான் (மிகை நீர் வெளியேறும் இடம்), அலைகரை எல்லாவற்றையும் அவர் கையால் காட்டுவது போல் புத்தகம் காட்டாது. எங்களோடு வந்த ஐயாவிடம் குளக்கட்டில் மரம் நடலாமா என்று பிள்ளைகள் கேட்டார்கள். "கட்டில வைக்காதேங்கோ பிள்ளையள். மரம் பட்டுப்போனா வேர் உக்கி ஓட்டை விழும், அதுக்காலதான் தண்ணி கசியும். அலைகரைப் பக்கம் மருது வையுங்கோ" என்றார். அதுவரை நான் வருடாவருடம் கட்டோரம் கன்று நட்டுப் படமெடுத்துக்கொண்டிருந்தேன். அன்றோடு நிறுத்தினோம். இப்போது மருதும் நாவலும் அலைகரை ஓரம், பாதைக்குக் கிட்ட, அனுமதி கேட்டு நடுகிறோம். 200 ஏக்கருக்குக் குறைவாகப் பாசனம் செய்யும் சிறுகுளமென்றால் கமநல சேவை நிலையத்தில் கேளுங்கள், பெரிய குளமென்றால் நீர்ப்பாசனத் திணைக்களத்தில்.

வாய்க்காலில் இருந்தும் குளத்தில் இருந்தும் ஒவ்வொரு போத்தல் நீரை நீங்களே அள்ளி வந்து, இரவு முழுக்க அசையாமல் வையுங்கள். காலையில் அடியில் படிந்த மண்ணை அளவுகோலால் அளக்கலாம். கரை வெட்டி மணல் அள்ளும் இடத்துக்குக் கீழே எடுத்த போத்தலில் வண்டல் எவ்வளவு தடிப்பென்று பிள்ளைகளே சொல்வார்கள். அந்த மண்தான் குளத்தில் படிந்து, குளம் கொள்ளும் நீரைக் குறைக்கிறது.

படி 6: எந்தக் கடலுக்கு?

இலங்கைப் படத்தில் மாங்குளத்தில் விரல் வைக்கச் சொல்லுங்கள். கனகராயன் ஆறு வடக்கே போய் இரணைமடுவை நிரப்பி, சுண்டிக்குளம் கடனீரேரியில் விழுகிறது. மேற்கே பாலியாறு வவுனிக்குளத்துக்கு நீர் தந்துவிட்டு மேற்குக் கடலுக்குப் போகிறது. கிழக்கே பேராறு, முத்தையன்கட்டு, பிறகு நந்திக்கடல். மலையே இல்லாத இந்த நிலத்தில் மழைத்துளி மூன்று பக்கம் பிரிகிறது. 2018 மார்கழியில் இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்டதையும் கீழே வெள்ளம் வந்ததையும் வீட்டில் கேட்டு வரச் சொல்லுங்கள். எங்கள் பிள்ளைகள் சிலர் அந்த வெள்ளத்தில் இடம்பெயர்ந்தவர்கள். அவர்கள் பேசும்போது நான் குறுக்கிடுவதில்லை.

அதன்பிறகு பள்ளிக்கூட வடிகாலின் வாயில் பழைய மீன்வலைத் துண்டைக் கட்டினோம். ஒவ்வொரு வெள்ளியும் அதில் சிக்கியதை எண்ணுவது சுற்றாடல் முன்னோடிப் பிள்ளைகளின் (பள்ளிக்கூடச் சுற்றாடல் குழு) வேலை. சாப்பாடு சுற்றி வந்த பொலித்தீன் லஞ்ச்சீற்தான் எப்போதும் அதிகம். தடை போடச் சொல்லி அதிபருக்குக் கடிதம் எழுதியவர்கள் பிள்ளைகள்தான், நான் எழுத்துப்பிழை மட்டும் திருத்தினேன்.

பின்சேர்க்கை 1: மன்னாரில் படிப்பிக்கும் ஒருவர் எழுதியிருந்தார்: கட்டுக்கரைக் குளத்துக்குச் சுற்றுவட்டார மழை மட்டும் வருவதில்லை, அருவியாற்று நீர் தேக்கம் அணையில் மறிக்கப்பட்டு வாய்க்காலால் வருகிறது, அப்போது நீரேந்துப் பகுதியின் எல்லையை எங்கே கீறுவது? ஆற்றோடு மேலே போக வேண்டும். அருவியாறு 164 கிலோமீற்றர் ஓடி வருகிறது, சிங்களத்தில் மல்வத்து ஓயா. அனுராதபுரத்துப் பிள்ளைகளும் மன்னார்ப் பிள்ளைகளும் ஒரே நீரேந்துப் பகுதியில் இருக்கிறார்கள். அந்தப் படத்தைத் துண்டு போடாமல் முழுதாகக் கீறுங்கள்.

பின்சேர்க்கை 2: சிரமதானத்தில் பாத்தீனியம் என்ற களைச்செடியைப் பிடுங்கிய பிள்ளைக்குக் கையெல்லாம் தடித்துவிட்டது என்று வவுனியாவில் இருந்து ஒரு அம்மா எழுதினார். என் முதல் பதிவில் இதை எழுதாமல் விட்டது பெரும் தவறு. அந்தச் செடியைப் பிள்ளைகள் தொடவே வேண்டாம். பெரியவர்கள் கையுறை போட்டு, பூக்கமுதல் வேரோடு எடுக்கட்டும்.

பின்சேர்க்கை 3: குழாய்க்குள் பாசி பிடித்து மட்டம் தெரியவில்லை என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். வேலை முடிந்ததும் நீரை முழுதாக வடித்து, இரு முனையும் கீழே பார்க்க நிழலில் தொங்கவிடுங்கள். வெயிலில் போட்டால் குழாய் மஞ்சளாகி இறுகிவிடும், அடுத்த புரட்டாதிக்குப் புதிது வாங்க வேண்டி வரும்.