09 கிழக்கு முனையில் இல்லை: ஓடுபாதை வரைவோர் செய்யும் தவறுகள்

போன மாதம் ஒரு பயிற்சிப் பொறியாளர் வரைபடத்தை நீட்டினார். கிழக்கு மேற்காகக் கிடக்கும் விமான ஓடுபாதை. முனைகளில் எழுதும் எண்களைக் கிழக்கு முனையில் 09, மேற்கு முனையில் 27 என்று போட்டிருந்தார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் இதையேதான் போட்டேன். கூட்டல் பிழையும் அலகுப் பிழையும் சரிபார்க்கும்போது எப்படியும் அகப்பட்டுவிடும். எளிதில் அகப்படாதவற்றைச் சொல்கிறேன்.

எண்ணை முனை மாற்றிப் போடுவது

ஓடுபாதையின் காந்தத் திசைக்கோணத்தை (திசைகாட்டி காட்டும் வடக்கிலிருந்து வலமாக அளந்த கோணம்) அருகிலுள்ள பத்தின் மடங்காக்கி, கடைசிச் சுழியத்தை விட்டால் எண் கிடைக்கும். 90 பாகைக்கு 09. எதிர்முனைக்கு 18 கூட்டி 27. இதுவரை யாரும் தடுமாறுவதில்லை. "தொண்ணூறு கிழக்கு, அப்போ 09 கிழக்கு முனை" என்று அடுத்த அடி வைக்கிறார்களே, அங்கேதான் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. அந்த முனையில் இறங்கும் விமானம் எந்தத் திசை நோக்கி ஓடும் என்பதையே எண் சொல்கிறது. கிழக்கே ஓட வேண்டுமானால் மேற்கிலிருந்துதானே வர வேண்டும்? ஆகவே 09 மேற்கு முனையில். சென்னையில் பரங்கிமலைப் பக்கமிருந்து இறங்கும் விமானி காண்பது 25. 07 இருப்பது மறுகோடியில்.

நான் மாற்றிப் போட்டது ஓர் ஓடுபாதை நீட்டிப்புத் திட்டத்தில். எழுத்து மட்டுமென்றால் அழித்து எழுதிவிடலாம். ஆனால் முனையின் உயரம், பேப்பி விளக்குகள் (சரியான சரிவில் இறங்குகிறோமா என்று விமானிக்குக் காட்டுபவை), இறங்கும் வழியில் நிற்கும் தடைகளின் பட்டியல் எல்லாம் அந்த எண்ணின் பேரில்தான் கோக்கப்படும். மேற்கே நின்ற தண்ணீர்த் தொட்டியைக் கிழக்கு வழியில் வைத்துக் கணக்குப் பார்த்து, 'தடையில்லை' என்று எழுதியிருந்தேன். களத்தில் நின்ற சர்வேயர் "தொட்டி இந்தப் பக்கம்ல சார் இருக்கு?" என்று கேட்டார். ஆறு வார வேலையை முதலிலிருந்து செய்தோம். அவர் கேட்காமல் இருந்திருந்தால் என்ற நினைப்பு இன்னும் போகவில்லை.

இப்போது புதியவர்களை எழுந்து நிற்கச் சொல்கிறேன். முனையில் நில். விமானம் ஓடும் பக்கம் முகத்தைத் திருப்பு. திசைகாட்டியைப் பார். பிறகு எழுது.

காற்றைத் தலைகீழாகப் படிப்பது

தெற்கிலிருந்து வருவது தென்றல், வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கிலிருந்து வருவது கொண்டல். வானிலைப் பதிவும் அப்படித்தான்: 070 என்றால் காற்று அங்கிருந்து வருகிறது. விமானம் எதிர்காற்றில் இறங்க வேண்டும், ஆகவே ஓடுபாதை 07.

இன்னொன்று: வானிலைப் பதிவு மெய் வடக்கை (வட துருவத் திசையை) வைத்தது, ஓடுபாதை எண் காந்த வடக்கை வைத்தது. தமிழ்நாட்டில் இரண்டுக்கும் வித்தியாசம் சொற்பம் என்பதால் தவறு கண்ணில் படாது. காந்த வடக்கு நகரவும் செய்யும். லண்டன் ஸ்டான்ஸ்டெடில் 05/23 என்றிருந்தது 2009-ல் 04/22 ஆனது.

ஓராண்டுக் காற்றை நம்புவது

ஓடுபாதையின் திசையைத் தீர்மானிக்கக் குறைந்தது ஐந்தாண்டுக் காற்றுப் பதிவு வேண்டும். ஓர் ஆண்டு பருவக்காற்று பொய்த்திருந்தால் உங்கள் கணக்கும் பொய்க்கும். குறுக்குக் காற்றால் ஓடுபாதை முடங்கும் நேரம் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது சர்வதேச நெறி.

நீளம்

கடல்மட்டத்திலிருந்து ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் 7 சதவீதம் கூட்டுங்கள். வெயிலுக்குத் தனியாகக் கூட்ட வேண்டும்.

இணை ஓடுபாதைகள்

லாஸ் ஏஞ்சலஸில் 24-ம் 25-ம் ஒரே திசைதான்; இணை ஓடுபாதைகளைப் பிரித்துக் காட்டவே எண்ணை மாற்றியிருக்கிறார்கள். எண் வேறு என்பதற்காக வரைபடத்தில் கோணத்தைத் திருத்தாதீர்கள்.