தேக்காவில் உட்கார்ந்து குவாட்டர்பேக்கை எடைபோடுவது எப்படி

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் இறுதிப்போட்டி அங்கே திங்கள் இரவு, சிங்கப்பூரில் நமக்குச் செவ்வாய் காலை எட்டரை. அரைநாள் விடுப்பு எடுத்துவிடுங்கள். அப்புறம் தேக்காவில் தே தாரேயோடு விவாதம்.

ஒரு குவாட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர், என்.எஃப்.எல். என்ற தொழில்முறை லீகில் தேறுவாரா என்று பேசும்போது, அவர் வென்ற வெற்றிக்கோப்பையை ஒதுக்கிவையுங்கள். 2023 இறுதிப்போட்டியில் ஜார்ஜியா அணி 65-7 என்று டிசியூ அணியை நொறுக்கியபோது, ஜார்ஜியாவின் குவாட்டர்பேக் ஸ்டெட்சன் பென்னட் நான்கு டச்டவுன் பாஸ் (புள்ளி எடுத்துத் தரும் எறிதல்) எறிந்தார். ஆனால் என்.எஃப்.எல். அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் 128-ஆவதாகத்தான் போனார். 2020 இறுதிப்போட்டியில் ஐந்து எறிந்து வென்ற எல்எஸ்யூ அணியின் ஜோ பரோ முதல் ஆளாகப் போனார்.

நான் மறுபடி ஓட்டிப் பார்ப்பது கால்களை. எதிரணியினர் பாய்ந்து வரும்போது பின்னால் நழுவுகிறாரா, இல்லை ஓரடி முன்னே ஊன்றி எறிகிறாரா? என் தம்பி மகன் பந்தையே பார்ப்பான். “காலைப் பாருடா” என்று நிறுத்திக் காட்டுவேன். பரோவிடம் அந்த ஓரடி இருந்தது.