நிகழ்தகவு கணக்குல மார்க்கை முழுங்குற தப்பு

டென்த் பசங்களுக்கு நிகழ்தகவு எடுக்கும்போதெல்லாம் அதே தப்பு, அந்த வயசுல நானும் போட்ட தப்புதான். பின்னத்தைச் சுருக்காம விடுறது, 52 சீட்டுல ஹார்ட்டின் எத்தனைன்னு முழிக்கிறது எல்லாம் தானா சரியாயிடும், அதை விடுங்க.

ஒண்ணு வரும், இல்ல வராது, அவ்ளோதானே சார்

வர்ற விளைவு எல்லாத்துக்கும் ஒரே வாய்ப்புன்னு நினைச்சுக்கிறது, இதுதான் இன்னும் கடுப்பேத்துது. ரெண்டு பகடை உருட்டினா கூட்டுத்தொகை 7 வர நிகழ்தகவு என்னன்னு கேட்டா, 2ல இருந்து 12 வரைக்கும் மொத்தம் 11, அதுல 7ங்கிறது ஒண்ணு, அதனால 1/11னு எழுதி நீட்டிருவாங்க. ஏம்ப்பா, 2 வர ஒரே வழி, 1-1. 7க்கு 1-6, 2-5, 3-4, 4-3, 5-2, 6-1னு ஆறு வழி இருக்கே, ரெண்டும் எப்படி சமமாகும்? கூறுவெளியில, அதாவது வரக்கூடிய எல்லா விளைவும் சேர்ந்த பட்டியல்ல, 36 இருக்கு, விடை 6/36, அதாவது 1/6. சில பேர் 3-4ம் 4-3ம் ஒண்ணுதானேன்னு 36ஐ 21 ஆக்கிட்டு வருவாங்க, அவங்களுக்கு ஒரு பகடையில சிவப்பு மை தடவிக் குடுத்துருவேன், வாயே திறக்க மாட்டாங்க.

பசங்களை மட்டும் திட்டவும் முடியல. பிரெஞ்சு கணித மேதை தலாம்பேர் 1754ல கலைக்களஞ்சியத்துலயே இப்படி எழுதியிருக்கார், காசை ரெண்டு தடவை சுண்டினா ஒரு தலையாவது விழ 2/3னு. முதல்லயே தலை விழுந்தா ஆட்டம் முடிஞ்சுது, இல்லன்னா பூ-தலை, பூ-பூ, ஆக மூணுன்னு எண்ணிட்டார். முதலாவது 1/2, மத்த ரெண்டும் 1/4 தான், சரியான விடை 3/4.

பரீட்சையோட போனாலும் பரவால்ல. நீட் எழுதப்போற பையன் ஒருத்தன், தெரியாததை கண்ணை மூடி ஷேட் பண்றேன் சார், சரி இல்லன்னா தப்பு, பாதிக்குப் பாதின்னான். நாலு ஆப்ஷன்ல எங்க பாதி? சரியான விடைக்கு 4 மார்க், தப்புக்கு 1 மார்க் கழிப்பாங்க. 180 கேள்வியும் அப்படி அடிச்சா அவன் கணக்குல 90 சரி 90 தப்பு, 360ல 90 போக 270 மார்க். நிஜத்துல சராசரியா 45 சரி, 135 தப்பு, 180ல 135 போக கையில நிக்கிறது 45.

'அல்லது'ன்னு பார்த்ததும் கூட்டிடாதீங்க

கட்டுல ஒரு சீட்டு எடுக்கும்போது அது ராஜா அல்லது ஹார்ட்டினா இருக்கணும்னா 4ம் 13ம் 17 இல்ல. ஹார்ட்டின் ராஜாவை ரெண்டு தடவை எண்ணிட்டீங்க, 16/52.

எடுத்த சீட்டைத் திருப்பி வெச்சீங்களா?

வெச்சா ரெண்டாவது சீட்டுக்கு பின்னத்துல கீழ 52, வெக்கலன்னா 51.

'ஒரு தடவையாவது'

பகடையை நாலு தடவை உருட்டினா ஒரு 6ஆவது விழ 4/6னு போடுவாங்க. அப்ப ஏழு தடவை உருட்டினா 7/6ஆ? ஒண்ணுகூட விழாததைக் கண்டுபிடிச்சு 1ல கழிங்க, ஒரு தடவை 6 விழாம இருக்க 5/6, அதை நாலு தடவை பெருக்கினா 625/1296, ஆக 1 - 625/1296, அதாவது 671/1296, பாதிக்கு கொஞ்சம் மேல.